கேட்டுத்தான் பறித்தாள்

ஓடக்காட்டுப்புதூர்,
மல்லசமுத்திரம் வழி.
1939 ஏப்ரல் 21 (சித்திரை 8)

கஸ்பார் அய்யா அவர்களுக்கு மருதாசலம் எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்கிற தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன். உங்கள் விலாசத்தைச் சேலத்தில் உங்கள் மாமனார் வீட்டில் கேட்டு வாங்கினேன். உள்ளே வா என்று அவர்கள் சொல்லவில்லை. தெருவில் நின்றபடி எழுதிக்கொண்டு வந்தேன். அவர்கள் மேல் தப்பில்லை.

நீங்கள் எங்கள் ஊரை விட்டுப் போய் வருகிற ஆனியோடு மூன்று வருஷம். அதற்குப் பிறகு இங்கே கடலை வெள்ளாமை என்று ஒன்று இல்லை. முந்தின வருஷம் கம்பளிப்புழு பாதியைத் தின்றது. போன வருஷம் ஒரு செடியில் ஓர் இலை வைக்கவில்லை. கூட்டமாகப் புழு தின்றால் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும் என்று நீங்கள் சொன்னபோது நான் சிரித்தேன். போன ஆடியில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். விடிந்து பார்த்தால் வண்டித்தடம் முழுக்கச் சிவப்பு மயிராக ஊர்ந்து போகிறது. மாடு கால் வைக்கக் கூசி நின்றுவிட்டது.

இந்த வருஷம் சித்திரை பிறந்த மூன்றாம் நாள் நல்ல மழை. நேற்றுப் பொழுது சாயும்போது அந்தப் புழுவுக்குத் தாயான வெள்ளை விட்டில் வந்துவிட்டது. இறக்கையின் முன் ஓரத்தில் மஞ்சள் கோடு, பின் இறக்கையில் கறுப்புப் புள்ளி. நீங்கள் உள்ளங்கையில் வைத்துக் காட்டிய அதே ஜாதிதான். ஊரார் எல்லாரும் என் வாசலில் வந்து நின்று, "அந்த வெவசாய ஆபீசருக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்றார்கள். அவர்களுக்கு நடந்தது முழுதும் தெரியாது. தெரிந்தால் என்னைப் போடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கிழக்குக் காட்டை நான் அந்த வருஷத்திலிருந்து உழவில்லை. இரண்டு ஏக்கராவும் தரிசு கிடக்கிறது. பொழுது சாய்ந்தால் செத்துப்போன மாரக்காள் அங்கே குனிந்து நிற்கிறாள் என்று ஆட்கள் சொல்கிறார்கள். ஆடு மேய்க்கிறவர்கள்கூட வரப்போடு சுற்றித்தான் போகிறார்கள்.

மருந்து வேண்டாம். பாஷாணப் பொடி என்ற பேச்சையே இந்த ஊரில் எடுக்க முடியாது. அது இல்லாமல் என்ன செய்யலாம் என்று நாலு வரி எழுதினால் போதும். இதை ஊருக்காகத்தான் கேட்கிறேன் என்று எழுத நினைத்தேன். இல்லை, எனக்காகவும்தான்.

மருதாசலம்


பெல்லாரி,
28-4-1939

மருதாசலம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நடந்ததை ஒரு முறை எழுதி வைக்கிறேன். பிறகு அதைப் பற்றி நாம் பேச வேண்டியதில்லை. 1936 ஜூன் மூன்றாம் தேதி காலை, உங்கள் கிழக்குக் காட்டுக் கடலையில் நான் பாஷாணப் பொடி தூவினேன். தூவி முடித்துக் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே உங்களிடம் சொன்னேன்: பதினைந்து நாள் மனிதரோ மாடோ அந்தக் காட்டில் இறங்கக் கூடாது, களை வெட்டக் கூடாது, ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. நீங்கள் தலையாட்டினீர்கள். ஏழாம் நாள் உங்கள் களையாட்கள் அந்தக் காட்டில் இறங்கினார்கள். அவர்களில் மாரக்காள் என்ற பெண் கடலைக்குள் முளைத்திருந்த பண்ணைக்கீரையைப் பறித்துப் போய்க் கடைந்து சாப்பிட்டு, மறுநாள் விடியுமுன் வாந்தியெடுத்துச் செத்தாள்.

விசாரணையில் நீங்கள் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தின் நகல் என் பெட்டியில் இருக்கிறது. இரண்டு வாக்கியம் எனக்கு மனப்பாடம். "டிமான்ஸ்டிரேட்டர் எந்த எச்சரிக்கையும் சொல்லவில்லை. மேற்படி பெண் யார் அனுமதியும் இல்லாமல் காட்டில் புகுந்து கீரையைத் திருடிப் பறித்தாள்." முதல் வாக்கியம் என்னைப் பெல்லாரிக்குக் கொண்டுவந்தது. சம்பளக் குறைப்பும் பாஷை தெரியாத ஊரும் கிடைத்தன. எச்சரிக்கை சொல்லத் தெரியாதவனிடம் இப்போது யோசனை கேட்கிறீர்கள்.

இருந்தாலும் விட்டில் வந்துவிட்டது என்று நீங்கள் எழுதிய பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பெட்டை விட்டில் ஆயிரம் முட்டை வரை வைக்கும்.

நாலு அரிக்கேன் விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பூமியின் நாலு மூலையிலும் தரையில் ஒரு தாம்பாளம், அதில் தண்ணீர், தண்ணீர் மேல் கொஞ்சம் சீமெண்ணெய், நடுவில் கல் வைத்து அதன்மேல் விளக்கு. இருட்டியதும் ஏற்றினால் மூன்று மணி நேரம் போதும். விழுந்த விட்டிலை ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். ஐந்து நாள் எண்ணி எழுதுங்கள். ஊராரும் இதையே செய்யட்டும். உத்தேசமாக எழுத வேண்டாம். எண்ணி எழுதுங்கள்.

அ. கஸ்பார்


ஓடக்காட்டுப்புதூர்,
1939 மே 8 (சித்திரை 25)

அய்யா அவர்களுக்கு,

எண்ணினேன். மேற்கு மூலையில் நாளொன்றுக்கு இருபது, முப்பது. தெற்கே நாற்பதைத் தாண்டவில்லை. வடக்கே முதல் நாள் மட்டும் அறுபத்திரண்டு, அப்புறம் அதுவும் முப்பதுதான். கிழக்குக் காட்டு வரப்பில் முதல் நாள் முந்நூற்றுப் பதினொன்று. மூன்றாம் நாள் அறுநூறு வரை எண்ணினேன். அதற்கு மேல் தாம்பாளத்தில் தண்ணீர் தெரியவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வெள்ளையாக மிதந்தது.

மற்ற மூன்று மூலைக்கும் ஆள் போட்டேன். கிழக்கே போக ஒருவரும் வரவில்லை. நானே உட்கார்ந்தேன்.

நீங்கள் படித்தவர்கள், இதைச் சிரிப்பீர்கள். நாலாம் நாள் விளக்கு ஏற்றி அரை மணி நேரம் இருக்கும். காற்று இல்லை. காட்டின் நடுவில் ஒரு பெண்பிள்ளை குனிந்து நின்றாள். ஒரு கை முந்தானை மடியைப் பிடித்திருந்தது, மறு கை தரையில். மடி கனத்துத் தொங்கியது. வேறு யாராவது வந்து பறிக்கிறார்களா என்று முதலில் நினைத்தேன். அந்தத் தரிசில் பறிக்க என்ன இருக்கிறது?  அவள் நிமிரப் போகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்தால் என்னைப் பார்த்து ஒன்று கேட்பாள், அது என்ன என்று எனக்குத் தெரியும். விளக்கை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். நாற்பத்தெட்டு வயசில் ஓடினேன்.

கண்ணாத்தாள் கதவைத் திறந்தாள். என் பெண்சாதி என்னோடு அதிகம் பேசி மூன்று வருஷம் ஆகிறது என்று உங்களுக்குத் தெரியாது. என்னைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத்தான் பாத்தீங்களா?" என்றாள்.  எங்கள் வீட்டில் கீரை சமைத்து அத்தனை காலமாயிற்று. சந்தையிலிருந்து யாராவது வாங்கி வந்தாலும் தூக்கி எருக்குழியில் போட்டுவிடுவாள்.

வாக்குமூலம் பற்றி எழுதினீர்கள். நான் பயந்தேன். அவ்வளவுதான் இப்போது எழுத முடிகிறது.

மருதாசலம்


பெல்லாரி,
15-5-1939

மருதாசலம் அவர்களுக்கு,

உங்கள் கணக்கே பதில் சொல்லிவிட்டது. விட்டில்கள் எங்கிருந்தோ பறந்து வரவில்லை. உங்கள் கிழக்குக் காட்டு மண்ணுக்குள்ளிருந்துதான் கிளம்புகின்றன.

போன வருஷம் தின்று கொழுத்த புழு ஆவணி வாக்கில் மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். வரப்பும் மரநிழலும் உழாத தரையும் அதற்குப் பிடித்த இடம். அப்படியே ஏழெட்டு மாதம் அசையாமல் கிடந்து, கோடை மழை நனைத்ததும் விட்டிலாக வெளியே வரும். எல்லாம் ஒரே மழையில் வராது. இன்னும் பாதி உள்ளே கிடக்கும். மற்றவர்கள் வருஷா வருஷம் கோடை உழவு ஓட்டுகிறார்கள், புரண்ட மண்ணில் கூடுகள் வெயிலில் வெந்து போகின்றன, மிச்சத்தைக் காக்கையும் மைனாவும் பொறுக்கிவிடுகின்றன. நீங்கள் மூன்று வருஷமாக இரண்டு ஏக்கராவை அவற்றுக்கு வீடாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஊர்க் கடலையைத் தின்றது அந்தக் காடு.

நிச்சயம் செய்துகொள்ள, வரப்பு வேலமரத்தடியில் ஒரு கெஜம் நீளம், ஒரு கெஜம் அகலம், ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைச் சலித்துப் பாருங்கள். எத்தனை கூடு என்று எழுதுங்கள். பிறகு அடுத்த மழைக்கு முன் உழுங்கள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை.

வெளியே வந்த விட்டில் இதற்குள் முட்டை வைத்திருக்கும். தட்டைப்பயறு, ஆமணக்கு, முன்னால் விதைத்த கடலை எல்லாவற்றிலும் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். கசகசாவை ஒட்டி வைத்த மாதிரி மஞ்சளாக இருக்கும். அந்த இலையைக் கிள்ளிக் கூடையில் போட்டுக் கொளுத்த வேண்டும். பொரித்த குஞ்சுகள் ஒரு வாரம் ஒரே இலையில் கூட்டமாக இருக்கும், சல்லடை மாதிரி அரித்த இலை தூரத்திலிருந்தே தெரியும். அதற்குள் பிடித்தால் கையால் முடிந்துவிடும். வளர்ந்து படையெடுத்தால் காட்டைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு நேர்ச்சுவராகக் கால்வாய் வெட்டுங்கள். உள்ளே விழுந்த புழு ஏறாது.

நீங்கள் கண்டதைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. இங்கே நான் சோளத்துக் கரிப்பூட்டை நோய்க்கு விதையில் கந்தகம் கலந்து கொடுக்கிறேன். பாஷாணத்தோடு ஒப்பிட்டால் கந்தகம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அரைகுறையாகக் கற்ற பாஷையில், இந்த விதையைத் தின்னாதீர்கள் என்று மூன்று முறை சொல்கிறேன். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். ஜனங்கள் எனக்கு ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினால் பாதையோரத்து வயலில் ஒருத்தி குனிந்து நிற்கிறாள்.

இதற்கு மேல் எழுத எனக்கும் இப்போது முடியவில்லை.

அ. கஸ்பார்


ஓடக்காட்டுப்புதூர்,
1939 மே 25 (வைகாசி 11)

கஸ்பார் தம்பிக்கு,

அய்யா என்று எழுதினால் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. என் வீட்டில் மூன்று மாதம் சோறு தின்ற நாளில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள்.

வேலமரத்தடியில் தோண்டினேன். ஒரு கெஜத்தில் நாற்பத்து மூன்று கூடு. புளியங்கொட்டை நிறத்தில், தொட்டால் வாலை மட்டும் அசைத்தன. உயிரோடு இருந்தன.

உழ ஆள் கேட்டேன். ஐந்து பேரைக் கேட்டேன், ஐந்து பேரும், "உங்க காட்டுல எங்க வேணும்னாலும் ஏர் கட்டுறோமுங்க, அங்க மட்டும் வேண்டாமுங்க" என்றார்கள். நேற்று விடியற்காலையில் நானே ஏர் பூட்டினேன். வரப்பு வரைக்கும் மாடு வந்தது. மாடு நிற்கவில்லை தம்பி, மாட்டின் மேல் பழி போட மாட்டேன். நான்தான் நின்றேன். ஏரை இறக்கிப் போட்டுவிட்டு வரப்பிலேயே வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். கண்ணாத்தாள் தேடி வந்தாள். ஏரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவகிட்டச் சொல்லாத வார்த்தைய அவ ஊட்டுக்காரன்கிட்டயாவது சொல்லுங்க. அப்புறம் உழுவலாம்" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்படி என்று நான் கேட்கவில்லை.

முதலில் உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் கிணற்றடியில் சொன்னீர்கள். காதில் விழுந்தது. புரிந்தது. மறக்கவில்லை. ஆனால் ஆறாம் நாள் களை கடலையை மூடிவிட்டது. விஷம் போட்ட காடு என்று சொன்னால் களையாட்கள் அந்தக் காட்டுக்கு மட்டுமா வரமாட்டார்கள், என் காடு எதற்கும் வரமாட்டார்கள். நடுவில் ஒரு தூறல் விழுந்தது. கழுவிப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு பெண்பிள்ளைகளை இறக்கினேன்.

பொழுது உச்சிக்கு ஏறும் நேரம் நான் வரப்பில் நின்றேன். மாரக்காள் நிமிர்ந்து, "ஏனுங்க சாமி, இந்தப் பண்ணைக்கீரை ரெண்டு பறிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். களையோடு வெட்டிப் போடுகிற கீரையை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நான், "பறிச்சுக்க" என்றேன்.

அவள் என்னைக் கேட்டுத்தான் பறித்தாள். திருடினாள் என்று நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கேள்விதான் மூன்று வருஷமாகப் பொழுது சாயச் சாய என் காதில் விழுகிறது.

அப்புசாமியிடம் போகப் போகிறேன். அவன் மாரக்காளின் புருஷன், உங்களுக்கு முகம் ஞாபகம் இருக்கும், கிணறு வெட்டப் போகிறவன். அதற்கு முன் உங்கள் மேலதிகாரிகளுக்கு எழுதி, நீங்கள் சொன்னீர்கள், நான்தான் மறைத்தேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். யாருக்கு எழுதுவது என்று விலாசம் கொடுங்கள்.

மருதாசலம்


பெல்லாரி,
1-6-1939

அண்ணா,

விலாசம் கொடுக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தை ஞானமேரி படித்துவிட்டு அழுதாள். "மூணு வருஷத்துக்கு அப்புறமாவது உங்கமேல தப்பில்லைன்னு ஒருத்தர் எழுதிட்டாரே" என்றாள். என் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டேன். அவளிடமும் நான் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம்கூட அதைச் சுற்றிச் சுற்றித்தான் போனேன்.

ஜூன் பத்தாம் தேதி காலை நான் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். மல்லசமுத்திரம் போய்ச் சேலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மேலதிகாரியிடம் அறிக்கை கொடுக்கிற நாள். தூவிய காட்டில் புழு செத்தது, செடி பிழைத்தது, ஜனங்கள் ஒத்துழைத்தார்கள் என்று நாலு பக்கம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். தடை விதித்த நாட்களில் யாரும் இறங்கவில்லை என்றும் அதில் எழுதியிருந்தேன்.

கிழக்குக் காட்டைத் தாண்டும்போது நாலு பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாதையோரமாக இருந்தாள். மடியில் கீரை இருந்தது, அப்போதே இருந்தது. நீங்கள் சொல்கிற உச்சிவேளைக்கு முன்னாலேயே கொஞ்சம் பறித்து வைத்திருக்கிறாள், பிறகு உங்களைப் பார்த்ததும் முறையாகக் கேட்டிருக்கிறாள். இலையின் மேல் வெள்ளை இருந்தது. அது புழுதி இல்லை என்று எனக்குத் தெரியும். நானே தூவியது.

ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன். கத்தினால் நாலு பேரும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஊர் முழுக்கப் பரவும். பிறகு ஒருவரும் பொடியைத் தொட மாட்டார்கள். என் அறிக்கை பொய்யாகும், பஸ்ஸும் போய்விடும். திரும்பி வந்து உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம், சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவள், "ஏனுங்க சாமி, ஊருக்குங்களா?" என்றாள். "ஆமா, வந்தர்றேன்" என்றேன். பெடலை மிதித்தேன்.

அன்றைக்குச் சேலத்தில் மேலதிகாரி என்னைப் பாராட்டினார். தங்கிவிட்டேன். மறுநாள் வந்தபோது அவளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

விசாரணையில் நீங்கள் பொய் சொன்னீர்கள். எனக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவன் என்ற பெயர் கிடைத்தது. உங்களை வெறுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பாதையை நினைக்க வேண்டியதில்லை. உங்கள் வாக்குமூலத்துக்குப் பின்னால் நான் மூன்று வருஷம் ஒளிந்திருந்தேன்.

நீங்கள் எழுத வேண்டாம். நானே எழுதிவிட்டேன், இதே தபாலில் போகிறது. வேலை இருக்குமா என்று தெரியாது. அப்புசாமியிடம் போகும்போது இந்தக் கடிதத்தை எடுத்துப் போங்கள். ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள்.

கஸ்பார்


ஓடக்காட்டுப்புதூர்,
1939 ஜூன் 14 (வைகாசி 31)

தம்பி,

போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்புசாமியின் ஜனங்கள் குடியிருக்கிற வளவுக்குள் நான் இதுவரை கால் வைத்ததில்லை. ஆள் வேண்டும் என்றால் தெருமுனையில் நின்று கூப்பிடுவேன், அவர்கள் வருவார்கள். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளே போனேன். பெண்பிள்ளைகள் எழுந்து ஒதுங்கினார்கள். அப்புசாமி கயிறு திரித்துக்கொண்டிருந்தான். பதறி எழுந்து, "சொல்லி அனுப்பியிருந்தா வந்திருப்பேனுங்களே" என்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அதனால் நானும் நின்றேன்.

சொன்னேன். நீங்கள் கிணற்றடியில் சொன்னது, நான் மறைத்தது, அவள் கேட்டது, நான் பறிச்சுக்க என்றது, கையெழுத்து. பிறகு உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் சைக்கிள் வருகிற இடத்தில் நிறுத்தினேன். அவன், "படியுங்க" என்றான். படித்து முடித்தேன்.

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓரடி முன்னே வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"அன்னைக்குக் காலையில நான்தானுங்க கீரை கேட்டேன்" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கெணத்து வேலைக்குப் போறப்ப, பண்ணைக்கீரை கெடைச்சாக் கடைஞ்சு வையி புள்ளேன்னு சொல்லீட்டுப் போனேன். வேலை முடியலை, அங்கியே படுத்துக்கிட்டேன். எனக்குன்னு ஒரு சட்டி எடுத்து மூடி வெச்சிருந்தா. நான் கேக்கலீன்னா அவ பறிச்சிருக்க மாட்டா. திருடியிருக்கவும் மாட்டா. எனக்காவத்தான் திருடுனான்னு நெனச்சேன். மூணு வருசமா நான்தான் அவளைக் கொன்னேன்னு இருக்கறனுங்க சாமி."

தம்பி, நான் ஒருத்தியைக் கொன்றதாக நினைத்திருந்தேன். இவன் தினமும் செத்துக்கொண்டிருந்திருக்கிறான், அரைப் பர்லாங்கு தூரத்தில். என் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் வேண்டாமுங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "ஊருக்கு முன்னால சொல்லுங்க. அவ கேட்டுத்தான் பறிச்சான்னு சொல்லுங்க. கீரைக்காரி திருடின்னு எம் பொண்டாட்டியப் பேசுறாங்க. அது மட்டும் போதும். நீங்க இப்பப் போங்க."

அடுத்த நாள் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டினேன். வளவு ஜனங்களும் வந்து ஓரமாக நின்றார்கள். மாரக்காள் திருடவில்லை, என்னைக் கேட்டுத்தான் பறித்தாள், விஷம் என்று தெரிந்தே நான் பறிச்சுக்க என்றேன் என்று சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார்கள், பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லையாம். சொன்னேன். என் பங்காளிகள் எழுந்து போனார்கள். இனி என் வீட்டில் கை நனைக்க மாட்டார்களாம். போகட்டும். போலீசுக்கு எழுதுகிறேன் என்று மணியக்காரர் சொல்லியிருக்கிறார். எழுதட்டும்.

புதன்கிழமை காலையில் கிழக்குக் காட்டில் ஏர் ஓட்டுகிற சத்தம் கேட்டது. அப்புசாமியும் அவன் தம்பியும். என்னைக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. நான் வரப்பில் நின்றேன், உள்ளே இறங்கவில்லை. முதல் சாலிலேயே கூடுகள் புரண்டு வந்தன. எங்கிருந்துதான் வந்தனவோ, காக்கை, மைனா, கொக்கு எல்லாம் ஏருக்குப் பின்னாலேயே நடந்தன. மறுநாள் குறுக்கு உழவுக்கு ஏழு ஏர் சேர்ந்தது, முன்னே வரமாட்டேன் என்ற ஐந்து பேரும் அதில் இருந்தார்கள்.

முட்டை இலையும் அரித்த இலையும் இருபத்தாறு கூடை கொளுத்தியிருக்கிறோம். பூவாத்தாள் என்று ஒரு பெண்பிள்ளை, அன்றைக்கு மாரக்காளோடு களை வெட்டியவள், அவள் கண் மாதிரி யாருக்கும் இல்லை. நடந்துகொண்டே இலையைத் திருப்பாமல் முட்டை எங்கே என்று சொல்லிவிடுகிறாள். மழை பார்த்து விதைக்கலாம் என்றிருக்கிறோம். விளக்கும் வைக்கிறோம், கிழக்கே நேற்று நாற்பத்தொன்று.

மாரக்காள் வருவது நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை தம்பி. உழுத காட்டிலும் நிற்கிறாள். ஆனால் நான் ஓடுவதில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது அப்புசாமி வந்தான். வாசலோடு நின்று, "அந்த ஆபீசருக்கு எழுதறீங்களா?" என்றான். ஆமாம் என்றேன்.

"ஒண்ணு கேட்டு எழுதுங்க. நீங்க வரப்புல நின்னீங்க. நான் வேலைக்குப் போனதுக்கப்புறம் கிட்ட நின்னு அவளைப் பாத்துப் பேசினவங்க அவங்கதானுங்க. ஊருக்குங்களான்னு கேட்டாளாமே. அப்ப மூஞ்சி எப்படி இருந்துச்சு? சிரிச்சாளாங்க?"

அவன் கேட்டபடியே எழுதிவிட்டேன்.

மருதாசலம்


பெல்லாரி,
21-6-1939

அண்ணா,

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை மறுபடி நடக்கும். அதைப் பற்றி வருத்தம் இல்லை. ஞானமேரியிடம் சொல்லிவிட்டேன்.  மூன்றாம் நாள் என் துணிகளை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். "போய் அந்த அப்புசாமியப் பாருங்க, அப்புறம் நாம பேசலாம்" என்றாள்.

அப்புசாமியின் கேள்விக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். சிரித்தாள் என்று எழுதினால் என்ன? யார் மறுக்கப் போகிறார்கள்? அவனுக்கு ஆறுதலாக இருக்கும். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

மூன்று வருஷமாக அவளை நான் பார்க்காத நாள் இல்லை. மடி தெரிகிறது. மடியைப் பிடித்த கை தெரிகிறது. மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. கீரையின் மேல் வெள்ளைப் பொடி ஒவ்வோர் இலையாகத் தெரிகிறது. குரலும் இருக்கிறது, கொஞ்சம் கம்மல், சளி பிடித்த மாதிரி. முகத்தைத் தேடுகிறேன், அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நான் கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணா. அவள் நிமிர்ந்து என்னிடம் பேசினாள், நான் அவளைப் பார்க்கவில்லை.

இதை எழுதி உங்களைப் படிக்கச் சொல்வது மறுபடி சைக்கிளில் ஏறிப் போகிற மாதிரி இருக்கும். இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நாளை ரயில் ஏறுகிறேன். சனிக்கிழமை சேலம், ஞாயிறு காலை பஸ்ஸில் மல்லசமுத்திரம். நேரே வளவுக்குப் போகிறேன். கயிற்றைப் பற்றியும் கம்மலான குரலைப் பற்றியும் அவனிடம் சொல்வேன். முகத்தைக் கேட்பான். பார்க்கவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

கஸ்பார்